நுரையீரலில் ஒரு பசை, முதுகில் ஒரு மாடு

என் வலது நுரையீரலில் பூசப்பட்ட பசை இப்போது அங்கே இல்லை என்று சொல்லுகிறார்கள். ஆறு கிழமைக்குள் அது நீரில் உடைந்து சிறுநீரோடு போயிருக்க வேண்டும். போயிற்றா என்று பார்க்க எனக்கு வழியில்லை. சொல்லுகிறவர்களை நம்ப வேண்டியிருக்கிறது. நம்புவது எனக்கு எளிதில் கைவரும் காரியம் அல்ல. ஆயினும் இதே நோயோடு நாளை வைத்தியசாலை விடுதிக் கட்டிலில் படுக்கப்போகிற ஒருவருக்குப் பயன்படக்கூடும் என்பதால், நடந்தவற்றை நடந்த ஒழுங்கிலேயே எழுதி வைக்கிறேன்.

நான் உருத்திரபுரத்தில் வசிக்கிறேன். முப்பது வருடங்களுக்கு மேல் உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனவியல் படிப்பித்தேன். இடையில் முதுமாணிப் பட்டத்துக்காகப் பல்பகுதியங்களை ஆராய்ந்தேன். பல்பகுதியம் என்பது சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்துக்கொள்வதால் உண்டாகும் பெரிய மூலக்கூறு. பொலித்தீன் பையும் அதுதான். பருத்தி நூலும் அதுதான். இரண்டு வருடங்களுக்கு முன் என் மனைவி சிறுநீரக நோயால் காலமானார். பிள்ளைகள் இல்லை. அடுத்த வளவில் அவருடைய தம்பி குணம் இருக்கிறான். சொந்தமாக உழவு இயந்திரம் வைத்திருப்பவன். அது ஓடாத வேளையிலும் அவன் வாய் ஓடிக்கொண்டிருக்கும்.

காலபோக அறுவடை முடிந்த சமயம். நெல் மூட்டையொன்றை ஈரச் சுவரிலிருந்து தள்ளி வைக்கக் குனிந்தேன். வலது தோளுக்குக் கீழே ஊசி குத்தியது போல ஒரு வலி. நிமிர்ந்தபோது மூச்சு பாதியில் நின்றது. குணம் என்னை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனான். அங்கே படம் பிடித்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் சுருங்கிக் கிடக்கிறது என்றார்கள்.

நோயை எளிதாகச் சொல்லலாம். நுரையீரலின் மேற்பரப்பில் வயதாக ஆக மெல்லிய கொப்புளங்கள் உண்டாவதுண்டு. அவற்றில் ஒன்று வெடித்தால், உள்ளே இழுக்கும் காற்று அந்த ஓட்டை வழியே நெஞ்சறைக்குள் கசியும். கசிந்த காற்று வெளியிலிருந்து அமுக்க, நுரையீரல் விரிய முடியாமல் சுருங்கும். குணம் இன்னும் எளிதாகச் சொன்னான்.

“பஞ்சர், அத்தான். வேறொண்டுமில்லை.”

விலாவுக்கிடையில் ஒரு குழாயைச் செலுத்தி, அதன் மறுமுனையைத் தரையில் வைத்த ஒரு போத்தலின் நீருக்குள் அமிழ்த்தினார்கள். நெஞ்சறையில் தங்கிய காற்று குமிழியாக வெளியேறும்; நீர் இருப்பதால் வெளிக்காற்று திரும்பி உள்ளே ஏற முடியாது. ஓட்டை தானாக மூடினால் குமிழி நின்றுவிடும். நான்கைந்து நாளில் நிற்கும் என்றார்கள். நிற்கவில்லை. என்னை வவுனியாவில் உள்ள ஒரு வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டாம் நாளும் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு குமிழி வந்தது. இருமினால் பத்து வந்தன. அந்தப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்கு வேலையாயிற்று. அப்படிப்பட்ட ஒரு போத்தலை நான் பார்ப்பது அது முதல் தடவை அல்ல. அதை அப்போது ஒருவரிடமும் சொல்லவில்லை.

நெஞ்சறைச் சத்திரசிகிச்சை நிபுணர் தெற்கிலிருந்து கிழமைக்கு மூன்று நாள் வருவார். நாற்பது வயதுக்கு உட்பட்ட சிங்களப் பெண்மணி. அவர் பேசிய தமிழ் பெரியவரான பின் படித்துக் கற்றது. சொற்களைத் தேர்ந்து, நிறுத்தி, பிழையில்லாமல் பேசினார். விலாவில் சிறு துவாரமிட்டுக் கமெராவை உள்ளே விட்டு, கொப்புளங்கள் இருக்கும் பகுதியை வெட்டித் தைத்துவிட்டு, தையல் துவாரங்களிலிருந்தும் காற்றுக் கசியாதபடி மேலே ஒரு பசையைப் பூசப்போவதாகச் சொன்னார். ஒப்புதல் படிவத்தை நீட்டினார்.

நான் பேனாவை வாங்கவில்லை.

“என்ன பசை?”

“பல்பகுதியப் பசை. உடம்பிலேயே கரையும்.”

“எந்தப் பல்பகுதியம்?”

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். பொலிஎதிலீன் கிளைக்கோல் என்றார். இரண்டு திரவங்கள் இரண்டு ஊசிக்குழல்களில் தனித்தனியே இருக்கும். முனையில் கலந்து நுரையீரலின் மேல் விழும்போது சில விநாடிகளில் இறுகி, சவ்வரிசிக் கஞ்சியின் ஆடை போன்ற ஒரு படலமாகும். நுரையீரல் விரியும்போது தானும் விரியும். சங்கிலிகளை இணைக்கும் எசுத்தர்ப் பிணைப்புகளை உடலின் நீரே மெல்ல மெல்ல உடைத்துவிடும். அதற்குள் அடியில் உள்ள காயம் ஆறிவிடும்.

நீர்ப்பகுப்பு. என் ஆய்வின் மூன்றாம் அத்தியாயம் அதைப் பற்றியதுதான். அறிந்த பொருள் என்பதால் பயம் குறையவில்லை. ஒரு பிணைப்பு உடையும் வேகம் வெப்பத்தையும் அமிலத்தன்மையையும் பொறுத்து எவ்வளவு மாறும் என்பது எனக்குத் தெரியும்.

“உடைஞ்ச துண்டுகள் எங்க போகும்?”

“சிறுநீரகம் வழியாக வெளியே போகும்.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் குணம் என் முகத்தைப் பார்த்தான். நான் போத்தலைப் பார்த்தேன்.

“உங்கள் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் பார்த்தேன்” என்றார் வைத்தியர்.

“இது அரசாங்க மருந்துப் பட்டியலில இருக்கோ?”

“இல்லை. நன்கொடையாக வந்தது.”

“ஆர் தந்தது? ஏன் இஞ்ச தந்தது?”

இலவசமாக வருவதை ஏன் என்று கேட்பது நன்றிகெட்டதனமாகத் தோன்றலாம். ஆனால் எங்கள் பகுதிக்கு இலவசமாக வந்தவை பலவற்றை நான் கண்டிருக்கிறேன். ஒரு புதுப் பொருளைப் பரீட்சித்துப் பார்க்க, கேள்வி கேட்கப் பழகாத ஓரிடம் வேண்டுமென்று எவராவது எண்ணினால், அவர் தேசப்படத்தில் விரலை வைக்கும் இடம் எதுவாக இருக்கும் என்பதை ஊகிக்கப் பட்டம் தேவையில்லை. இதை அவரிடம் ஏறக்குறைய இதே சொற்களில் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. மறுநாள் பசைப் பெட்டியையே கொண்டுவந்து என் கையில் தந்தார். காலாவதித் திகதியைப் பார்த்தேன், இன்னும் காலம் இருந்தது. குளிரூட்டியில் வைத்திருந்ததற்கான பதிவைக் கேட்டேன். தாதி கொண்டுவந்து காட்டினார். வேறு நாடுகளில் பல வருடங்களாகப் பாவனையில் இருப்பதாகவும், தெற்கில் தாமே பூசியிருப்பதாகவும் வைத்தியர் சொன்னார்.

“எல்லாருக்கும் ஒட்டினதோ?”

“இல்லை. சிலருக்கு விட்டுப்போகும். திரும்பக் குழாய் போட வேண்டி வரும். ஏன் என்று எல்லா வேளையும் எனக்குத் தெரியாது.”

தெரியாது என்று சொல்லும் வைத்தியர்கள் குறைவு. அது உண்மையான பணிவா, நோயாளியின் நம்பிக்கையைப் பெற அறிந்துவைத்த உபாயமா என்று நெடுநேரம் யோசித்தேன். முடிவுக்கு வர முடியவில்லை.

அதன் பிறகு அவர் தம் கேள்வியைக் கேட்டார். என்னைச் சற்றுத் திரும்பி இருக்கச் சொல்லி, வலது முதுகின் கீழ்ப்புறத்தைப் பார்த்தார்.

“இது என்ன காயம்?”

“மாடு முட்டினது.”

“எப்போது?”

“கனகாலம்.”

எழுதிக்கொண்டு போனார். பின்னேரம் திரும்பி வந்தார்.

“ஐயா, மாட்டுக்கு எத்தனை கொம்பு?”

“ரெண்டு.”

“முதுகில் ஒன்று. சரி.” அக்குளுக்குக் கீழே, இப்போது குழாய் இருக்கும் இடத்துக்கு நாலு விரல் தள்ளி, விரலை வைத்தார். “இது குழாய் போட்ட தழும்பு. மாடு குழாய் போடாது.”

குணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்ற முயன்றான். அந்த விடுதியில் இருமலுக்குத் தனி மதிப்பு இருந்தபடியால் நாலு கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஞாபகமில்லை” என்றேன்.

“ஸ்கேனில் கீழ்ப்பகுதி நெஞ்சுச் சுவரோடு ஒட்டியிருப்பது போலத் தெரிகிறது. நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதனால்தான் கேட்கிறேன். நாளைக் காலையும் கேட்பேன்.”

இங்கே நான் அந்த மாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

யுத்தத்தின் கடைசி மாதங்களில், கடற்கரையோரப் பள்ளிக்கூடமொன்றில் இயங்கிய தற்காலிக வைத்தியசாலையில், என் முதுகிலிருந்து ஒரு ஷெல் துண்டை எடுத்தார்கள். நெஞ்சுக்குள் இரத்தம் கட்டியிருந்ததால் அக்குளுக்குக் கீழே ஒரு குழாயும் போட்டார்கள். அது முடிந்து நாங்கள் இராணுவம் நடத்திய முகாமுக்குள் வந்தபோது, பதிவு செய்த அதிகாரி என் கட்டைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார்: இது என்ன காயம்? காயமுள்ள ஆண்களைப் போராளிகளென்ற சந்தேகத்தில் தனியே ஒரு பக்கம் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நான் வாய் திறக்குமுன் என் மனைவி சொன்னார்: “மாடு முட்டினது, ஐயா. இவருக்கு மாடு கட்டத் தெரியாது. வாத்தியார்.” அதிகாரி என் கண்ணாடியைப் பார்த்தார், கையசைத்து எங்களைப் போகவிட்டார்.

அன்றிலிருந்து அது மாடுதான். பின்னர் வந்த ஒவ்வொரு பதிவிலும், ஒவ்வொரு விசாரணையிலும், ஒவ்வொரு படிவத்திலும் மாடுதான். என் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் பெயர், வயது, இரத்த வகை, ஒத்துவராத மருந்து ஆகியவற்றை மனைவி தம் கையால் எழுதியிருந்தார். கடைசி வரி: வலது முதுகு, மாடு முட்டிய காயம். எங்கள் ஊரில் இதே போல மரத்தால் விழுந்தவர்களும், முட்கம்பி கிழித்தவர்களும், கிணற்றுக் கட்டில் மோதியவர்களும் உண்டு. ஒருவர் சொன்னதை மற்றவர் கேள்வி கேட்பதில்லை.

ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்பவர் யார் என்பதை நாங்கள் அனுபவத்தில் படித்திருக்கிறோம். ஒரு காயத்தின் வரலாறு வைத்தியருக்கு எதற்கு? எழுதியது எந்த அலுமாரிக்குப் போகும்? அதை யார் திறப்பார்? இவ்வளவு நல்ல தமிழை அவர் எதற்காகக் கற்றார்? இந்தக் கேள்விகளை இன்று எழுதும்போது சிறிது கூச்சமாக இருக்கிறது. அன்று அவை மிக நியாயமாகத் தோன்றின.

அன்று பொழுதுபட்டதும் குணம் வெளியே போய் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தான். நான் சாப்பிடாமல் ஒப்புதல் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒட்டுறதுக்கு என்ன இவ்வளவு விசாரணை? நீங்கள் அவாவைக் கேக்கிறியள், அவா உங்களைக் கேக்கிறா. ரெண்டு பேரும் சீஐடி மாதிரி.”

“பகிடி விடாத, குணம்.”

“பகிடியில்லை, அத்தான். நான் சின்னனில சைக்கிள் கடையில நிண்டனான். ரியூப்பைக் கழட்டின உடன முதலாளி என்ன கேப்பார் தெரியுமோ? முந்தி எங்கயும் ஒட்டினதோ எண்டு கேப்பார். பழைய ஒட்டுக்குப் பக்கத்தில இழுத்தால் அதோட கிழிஞ்சு வரும். உரஞ்சி, துடைச்சு, காய விட்டுத்தான் சொலூசன் பூசுறது. சனம் வெக்கத்தில, இல்லை, புது ரியூப் எண்டு சொல்லும். பிறகு காத்து நிக்கேல்லை எண்டு கடைக்காரனோட சண்டைக்கு வரும்.” அவன் குரலைத் தாழ்த்தினான். “அக்கா கட்டின மாட்டை நீங்கள் இன்னும் அவிழ்க்கேல்லை. அதுதான் சொல்லுறன்.”

முப்பது வருடங்களாக மாணவர்களுக்கு நான் சொன்ன பாடத்தைத்தான் அவன் சொன்னான். ஒட்டு விட்டுப்போனால் பசையைக் குறைசொல்லாதே, முதலில் மேற்பரப்பைப் பார் என்பது அது. பசையின் மூலக்கூறு, காலாவதி, குளிரூட்டி, கொடுத்தவரின் நோக்கம் எல்லாவற்றையும் விசாரித்த நான், அது ஒட்டப்போகும் மேற்பரப்பைப் பற்றிப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரவுக் கடமைக்கு வந்த தாதி நெடுங்கேணிப் பக்கத்துப் பெண். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் என்று முன்பே சொல்லியிருந்தார். போத்தலின் நீர் மட்டத்தைக் குறித்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“ஐயா, டொக்டர் கேட்டதுக்குப் பதில் சொன்னீங்களா?”

“ஏன் பிள்ளை, அதை எழுதி எங்க அனுப்புவினம்?”

“எங்கயும் அனுப்ப மாட்டாங்க. தெரியாம கமெராவை உள்ள விட்டா, ஒட்டியிருக்கிற நுரையீரல் கிழிஞ்சிடும்னு பயப்படுறாங்க. நீங்க சொல்லலன்னா ஆப்பரேசனைத் தள்ளிப் போட்டாலும் போடுவாங்க. எங்க அப்பாவும் இப்படித்தான், மரத்துல இருந்து விழுந்தேன்னுதான் சொல்லுவாரு.” என் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். “அப்ப நம்ம ஊருல மரமே கிடையாது, ஐயா. எல்லாம் பங்கருக்குன்னு வெட்டியாச்சு.”

விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

தூங்கவில்லை. உண்மையைச் சொன்னால் என்ன நேரும் என்ற பயம் அப்போது பெரிதாக இல்லை. எனக்கு வயது அறுபத்தொன்பது; என்னைத் தனியே ஒரு பக்கம் நிறுத்த எவருக்கும் இனித் தேவையில்லை. தடையாக இருந்தது வேறு. அந்த வரி என் மனைவியின் கையெழுத்தில் இருந்தது.

காலையில் வைத்தியர் வந்தார். கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கேட்பதற்கு முன் நானே சொன்னேன்.

“ஷெல் துண்டு. எடுத்தாச்சு. பிறகு குழாய் போட்டவை.”

“எத்தனை நாள்?”

“ஐஞ்சு நாள்.”

“சீழ் வந்ததா?”

“ஓம். கழற்றின பிறகும் கனநாள் வந்தது.”

அவர் எழுதவில்லை. பேனாவை மூடி மடியில் வைத்திருந்தார்.

“போத்தல்? அப்போது இந்த மாதிரிப் போத்தல் இருந்ததா?”

“சோடாப் போத்தல். தண்ணி விட்டு, குழாயை உள்ள விட்டுத் தந்தவை. இடம் மாறிக்கொண்டு இருந்தனாங்கள். நெஞ்சுக்கு மேல உயர்த்தக்கூடாது, சரியக்கூடாது எண்டு சொன்னவை.”

“யார் பிடித்தது?”

“என்ர மனிசி.”

“ஐந்து நாளுமா?”

“ஓம். பங்கருக்குள்ளயும்.”

வைத்தியர் தரையில் இருந்த போத்தலைப் பார்த்தார். பிறகு, “அது கஷ்டமான வேலை” என்றார். நான் படிவத்தை எடுத்துக் கையொப்பமிட்டேன்.

அவர் கமெராத் துவாரத்தைக் கைவிட்டு நெஞ்சைத் திறந்தே சத்திரசிகிச்சை செய்தார். சீழ் வைத்த பழைய காயத்தால் நுரையீரலின் கீழ்ப்பகுதி முழுவதும் நெஞ்சுச் சுவரோடு பற்றிக்கொண்டிருந்ததாம். அதைக் கொஞ்சங்கொஞ்சமாகப் பிரித்தெடுக்கவே இரண்டு மணித்தியாலம் சென்றது. பிரித்த இடமெல்லாம் ஊசிமுனை அளவில் கசிந்தது. அவ்விடங்களைத் துடைத்து, உலரவைத்து, பசையைப் பூசினார். முதலில் திட்டமிட்ட வழியில் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பிறகு கேட்டேன். “நல்லதாக இருந்திருக்காது” என்றார்.

விழித்தபோது முதலில் போத்தலைத் தேடினேன். குமிழி வந்தது. இரண்டாம் நாளும் வந்தது. பசையைப் பற்றிய என் சந்தேகங்கள் எல்லாம் வரிசையாகத் திரும்பி வந்தன. குணம் கட்டிலடியில் குந்தியிருந்து நீருக்குள் குழாய் நுனியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சைக்கிள் ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமிழ்த்திப் பார்க்கும் அதே கவனம். மூன்றாம் நாள் காலை அவன் என்னை இருமச் சொன்னான்.

இருமினேன். நீர் உயர்ந்து தாழ்ந்தது. குமிழி வரவில்லை.

“இன்னொருக்கா.”

வரவில்லை. அவன் எழுந்து யன்னல் பக்கம் போய், முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் வைத்தியர் நோய் விவர அட்டையை எழுதித் தந்தார். பழைய நெஞ்சுக் காயம், குழாய் போடப்பட்டது என்று மட்டும் இருந்தது. எதனால் என்று இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “சிகிச்சைக்கு அவ்வளவு போதும்” என்றார். என்னைக் காக்க எழுதாமல் விட்டாரா, தம்மைக் காக்க விட்டாரா என்பதை இன்றும் என்னால் நிச்சயிக்க முடியவில்லை. இரண்டுமாகவும் இருக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து மறு பரிசோதனைக்குப் போனோம். படம் எடுக்கும் அறை வாசலில் ஓர் இளைஞர் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். எனக்குப் பக்கத்துக் கதிரையில் கைமுறிந்த ஓர் இராணுவச் சிப்பாய் தன் முறைக்காகக் காத்திருந்தான். இளைஞர் என் கொப்பியைத் திறந்து முதற்பக்கத்தைப் பார்த்தார்.

“மாடு முட்டின காயமோ, ஐயா?”

மனைவியின் கையெழுத்து எனக்கு நேரே தலைகீழாகத் தெரிந்தது.

“இல்லை, தம்பி. ஷெல்.”

இளைஞர் தலை நிமிராமல் எழுதினார். சிப்பாய் தன் கையின் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான். அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

படத்தில் நுரையீரல் முழுவதாக விரிந்திருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபின் குணம் சொன்னான்.

“அப்ப மாட்டை அவிழ்த்து விட்டாச்சு.”

“ஓம்.”

மாங்குளம் தாண்டியது. முறிகண்டியில் வழக்கம்போல பஸ் நின்றது; சனம் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்த இறங்கியது. குணமும் இறங்கினான். திரும்பி வந்து என் மடியில் கச்சான் கடலைச் சுருள்களை வைத்தான். மனைவியை நாங்கள் இருவரும் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய்வந்த காலத்தில் வாங்கியது போலவே, மூன்று வாங்கியிருந்தான்.